மாற்று முடிந்து 7 வாரம், ஒரு கால் மட்டும் வீக்கம், ஸ்கேனில் நிணநீர்த் தேக்கம்: ஊசியா, லேப்ராஸ்கோப்பியா?

ஏழாவது_வாரம்

வணக்கம். பதிவு நீளம்தான், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். என் கணவருக்குச் சிறுநீரக மாற்று நடந்து 7 வாரம் ஆகிறது. கொடுத்தது அவருடைய அக்கா. முதல் மாதம் எல்லாம் நன்றாகவே போனது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, ஏறினால் கவலை) 1.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. சிறுநீர்க்குழாய் மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வைத்திருந்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை 6வது வாரம் எடுத்தார்கள். அதற்கு நாலைந்து நாள் கழித்து, வலது கால் செருப்பு மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது என்றார். சாக்ஸைக் கழற்றினால் அந்தக் காலில் மட்டும் ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறது. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்து போகிறார், போனால் கொஞ்சம்தான் வருகிறதாம்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.9. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ரிஜெக்ஷன், அதாவது உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறது என்றே முடிவு கட்டி அழுதுவிட்டேன். அப்புறம் ஸ்கேன் எடுத்தால், புதுச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் 9 x 7 x 6 செ.மீ. அளவில் நீர் தேங்கியிருக்கிறது, லிம்ஃபோசீலாக, அதாவது நிணநீர் தேங்கிய பையாக இருக்கலாம் என்றார்கள். "முதலில் ஊசி வைத்து எடுத்துப் பரிசோதிப்போம், திரும்பத் தேங்கினால் லேப்ராஸ்கோப்பி" (சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) என்கிறார் மருத்துவர்.

இது எங்கிருந்து வந்தது? ஆபரேஷனில் யாராவது கவனக்குறைவாக இருந்துவிட்டார்களா? இவர் தினமும் மாடிப்படி ஏறி இறங்கியதால் வந்ததா? ஊசியோடு தீர்ந்துவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரண்டாம்_இன்னிங்ஸ்

தங்கச்சி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிங்க. எனக்கு மாற்று நடந்து 8 வருடம் ஆகிறது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கதையையே யாரோ எழுதின மாதிரி இருந்தது. எனக்கும் ஸ்டென்ட் எடுத்த பிறகுதான் வந்தது. எனக்குக் காலோடு விதைப்பையும் வீங்கியது, வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த முட்டாள்தனத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

ஊசி விஷயத்தில் என் அனுபவம் மோசம். முதல் முறை எடுத்தார்கள், கிட்டத்தட்ட 250 மில்லி, வைக்கோல் ஊறவைத்த தண்ணீர் நிறத்தில். அன்று மாலையே கால் லேசானது, எனக்கு ஒரே சந்தோஷம். பத்தே நாளில் பழையபடி வந்து நின்றது. இரண்டாம் முறை எடுத்தார்கள், அதுவும் இரண்டு வாரம்தான் தாங்கியது. அப்புறம் லேப்ராஸ்கோப்பியில் உள்ளே ஒரு "ஜன்னல்" திறந்துவிட்டார்கள். அன்றோடு சரி, இன்று வரை இல்லை. முதலிலேயே அதைச் செய்திருக்கலாமே என்று அப்போது கோபம் வந்தது. ஆனால் முதல் ஊசி எதற்கு என்று பிறகுதான் புரிந்தது, அதைத் தையல்காரன் வந்து சொல்லட்டும்.

---

தையல்காரன்

கூப்பிட்டதற்கு வந்தேன். மாற்று அறுவை அரங்கில்தான் என் பிழைப்பு, ஆனால் இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சிறுநீரகத்தை வைப்பது அடிவயிற்றின் ஓரத்தில், குடல் இருக்கிற வயிற்று உறைக்கு வெளியே. அங்கே காலுக்குப் போகிற பெரிய தமனியும் காலிலிருந்து வருகிற பெரிய சிரையும் ஓடுகின்றன. புதுச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களை அவற்றோடு தைக்க வேண்டும் என்றால் முதலில் அவற்றை வெளிக்கொண்டுவர வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காலிலிருந்து மேலே ஏறும் நிணக்குழாய்கள் அந்த நாளங்களின் மேலே சிலந்திவலை மாதிரி படர்ந்து கிடக்கும். அவற்றை வெட்டாமல் நாளத்தைத் தொடவே முடியாது. பெரியவற்றை நூலால் கட்டுகிறோம், கிளிப் போடுகிறோம், சிறியவற்றைச் சுட்டு மூடுகிறோம். பல குழாய்கள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ரத்தம் மாதிரி சிவப்பாக ஒழுகினால் அல்லவா காட்டிக்கொடுக்கும்! நிணநீரில் தட்டணுக்களும் கிடையாது, அதனால் ரத்தக் கசிவு அடைவது போல அது சீக்கிரம் அடையாது.

இன்னொரு ஊற்றும் உண்டு. கொடுத்தவரின் சிறுநீரகத்துக்கும் சொந்த நிணக்குழாய்கள் இருக்கின்றன. தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் மூன்றைத்தான் நாங்கள் இணைக்கிறோம். நிணக்குழாயை யாரும் இணைப்பதில்லை, அது தானாக வளர்ந்து சேர வாரங்கள் ஆகும். அதுவரை அந்த முனைகளும் கசியும்.

இப்படிக் கசிவது வயிற்று உறைக்கு உள்ளே விழுந்தால் பிரச்சினையே இல்லை, உறை அதை உறிஞ்சிவிடும். வெளியே விழுவதால் போக வழியில்லாமல் சுற்றிலும் ஒரு சுவர் கட்டிக்கொண்டு பையாகிவிடுகிறது. அந்தப் பை சிறுநீர்க்குழாயை அழுத்தினால் கிரியாட்டினின் ஏறும், சிரையை அழுத்தினால் கால் வீங்கும், சிறுநீர்ப்பையை அழுத்தினால் இரவெல்லாம் எழுந்து போக வேண்டியதுதான். உங்கள் கணவருக்கு மூன்றும் இருக்கிறது போலத் தெரிகிறது.

ஸ்டென்ட் விஷயம் இருவருக்குமே பொருந்துவதைக் கவனியுங்கள். பை அதற்கு முன்பே வளர்ந்துகொண்டிருந்திருக்கலாம். ஸ்டென்ட் உள்ளே இருக்கும்வரை பை அழுத்தினாலும் சிறுநீர்க்குழாய் பெரும்பாலும் நசுங்காது. அதை உருவியதும் குழாய் மடங்கிவிடுகிறது, எண் ஏறுகிறது. அதனால்தான் ஸ்டென்ட் எடுத்த பிறகு ஒரு ஸ்கேனும் ஒரு ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

9 x 7 x 6 என்றால், மூன்றையும் பெருக்கிப் பாதியாக்குங்கள், சுமார் 190 மில்லி. ஒரு டம்ளர் நிறைய. ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறுநீர்க்குழாயின் மேல் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவரைத் திட்ட வேண்டாம்.

---

ஏழாவது_வாரம்

@தையல்காரன் ஐயா, ரொம்ப நன்றி. திட்டிவிட்டேன், அதுதான் சங்கடம். 😔 ஆனால் நீங்கள் "யாருடைய தவறு" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லையே?

---

தையல்காரன்

நியாயமான கேள்வி. கை பதமாக இருந்தால் குறையும், பூஜ்யமாகாது. நாளங்களைத் தேவைக்கு மேல் நீளமாகத் திறக்காமல் இருப்பது ஒரு பெரிய பாதுகாப்பு. நூலால் கட்டுவதா சுடுவதா என்று எங்களுக்குள் பல வருடச் சண்டை உண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் கட்டுகிற கட்சி, பழக்கதோஷம்.

சில இடங்களில் மாற்று செய்யும்போதே வயிற்று உறையில் ஒரு சின்னத் திறப்பு வைத்துவிடுகிறார்கள், கசிவது அப்போதே உள்ளே போய்விடும். தொந்தரவு தரும் தேக்கங்கள் அதனால் குறைவதாகத்தான் தெரிகிறது, ஆனால் திறப்பில் குடல் சிக்கும் சின்ன ஆபத்து இருப்பதால் எல்லோரும் செய்வதில்லை. கசிவை வெளியேற்றப் பக்கத்தில் வைக்கிற டிரெயின் குழாயை எப்போது எடுப்பது என்பதிலும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் வருவது 50 மில்லிக்குக் கீழே இறங்கட்டும் என்பது பலர் வைத்திருக்கும் எல்லை. ரொம்ப நாள் விட்டுவைத்தாலும் தொற்றுக்கு வழி.

அப்புறம் நோயாளியின் பக்கம். உடல் எடை அதிகம், சர்க்கரை நோய், இரண்டாவது மாற்று, ஹெப்பாரின் மாதிரி ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து, அதிக அளவு ஸ்டீராய்டு, ரிஜெக்ஷன், தொடக்கத்தில் சிறுநீரகம் தாமதமாக வேலை செய்தது, இவை எல்லாமே வாய்ப்பைக் கூட்டும். ரிஜெக்ஷனைத் தடுக்கக் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானவை சிரோலிமஸ், எவரோலிமஸ். காயம் ஆறுவதையும் நிணக்குழாய் புதிதாக வளர்வதையும் அவை தடுக்கின்றன. அதனால்தான் பல மையங்கள் அவற்றைத் தொடக்கத்தில் கொடுக்காமல், காயம் ஆறிய பிறகு சேர்க்கின்றன. இதைப் படித்துவிட்டு யாராவது மருந்தை நீங்களே நிறுத்தினால் நான் இங்கே எழுதுவதையே நிறுத்திவிடுவேன், சொல்லிவிட்டேன்.

---

மூலிகைமணம்

சகோதரி, பயப்பட ஒன்றுமில்லை. என் மாமனாருக்கும் கால் வீங்கியது. இளஞ்சூட்டு எண்ணெய் தடவிக் கீழிருந்து மேலாக நன்றாக நீவிவிட்டோம், உப்பைக் குறைத்தோம், வாரத்தில் வற்றிவிட்டது. எண்ணெய் கொழுப்பு சேர்க்காமல் சாப்பிட்டால் நிணநீர் சுரப்பதும் குறையும் என்பார்கள்.

---

தையல்காரன்

@மூலிகைமணம் நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இந்த நீவுதல் மட்டும் கூடவே கூடாது. பை சிரையை அழுத்திக்கொண்டிருக்கும்போது அந்தக் காலில் ரத்தக்கட்டி உருவாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் முதல் வேலை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். கட்டி இருக்கிற காலை நீவினால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. இறுக்கக் காலுறையும் டாப்ளர் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்ன பிறகுதான்.

உங்கள் மாமனாருக்கு வந்தது வேறு வீக்கமாக இருக்கும். உப்பைக் குறைத்தால் உடம்பில் தேங்குகிற நீர் குறையும், சுவர் கட்டிய பை குறையாது.

---

கொடுத்த_கை

கொழுப்பு பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு நிஜமாகவே இருந்தது. நான் மாற்று செய்துகொண்டவள் இல்லை, தம்பிக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் வயிறு உப்ப ஆரம்பித்தது, பாவாடை நாடா கட்ட முடியவில்லை. எல்லோரும் "ஓய்வில் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தொப்பை" என்று கேலி செய்தார்கள். ஊசி வைத்து எடுத்துப் பார்த்தால் பால்! அப்படியே பால் மாதிரி வெள்ளையாக. நர்ஸ் குழாயைத் தூக்கிக் காட்டியபோது எனக்குத் தலை சுற்றியது.

குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணக்குழாய் இடது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறதாம், அதில் கசிவு. சாதாரணக் கொழுப்பை நிறுத்தி, எம்சிடி என்று ஒரு வகை எண்ணெய் மட்டும் கொடுத்தார்கள். அது நிணநீர் வழியாகப் போகாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடும் என்று உணவியல் நிபுணர் விளக்கினார். 5 வாரத்தில் அடங்கியது. கொடுப்பவர்களுக்கும் இப்படி வரலாம் என்று எங்களுக்கு முன்பே ஒருவரும் சொல்லவில்லை, அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது. ஏழாவது வாரம், உங்கள் நாத்தனார் வயிற்றையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வாங்கினவரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

---

தையல்காரன்

@கொடுத்த_கை அருமையாகச் சொன்னீர்கள். அரிதுதான், ஆனால் வரும், இடது பக்கம் கொடுத்தவர்களுக்கு அதிகம். அங்கே கொழுப்பில்லாச் சாப்பாடு நிஜமான சிகிச்சை. மாற்று பெற்றவரின் தேக்கம் காலிலிருந்தும் புதுச் சிறுநீரகத்திலிருந்தும் வரும் நிணநீர், அதில் சாப்பிட்ட கொழுப்பு வந்து சேராது. ஆகவே இவர் கணவரைப் பட்டினி போட்டுப் பயனில்லை, ஆறுகிற காயத்துக்குச் சத்துதான் தேவை.

இப்போது ஊசி. முதல் ஊசியின் வேலை நோயை உறுதிசெய்வது. தேங்கியிருப்பது நிணநீரா, சிறுநீரா? இரண்டும் ஸ்கேனில் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். எடுத்த நீரில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். ரத்தத்தில் இருக்கும் அளவே இருந்தால் நிணநீர். பல மடங்கு அதிகம் என்றால் சிறுநீர்க்குழாய்த் தையல் கசிகிறது என்று பொருள், அதற்குச் சிகிச்சையே வேறு. கிருமி வளர்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஊசியே சிகிச்சை என்று நம்பினால் ஏமாற்றம்தான். வெறும் ஊசியால் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் திரும்பத் தேங்குகிறது. கசிகிற ஓட்டை அப்படியே இருக்கிறதே! எதிர்ப்புச்சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிற உடம்பில் ஒவ்வொரு ஊசியும் தொற்றுக்கு ஒரு வாசல் வேறு. குழாய் வைத்து உள்ளே போவிடோன் அயோடின் அல்லது ஆல்கஹால் செலுத்திச் சுவரை ஒட்டவைக்கும் முறை இருக்கிறது, சிலருக்குப் பலிக்கும், ஆனால் பல முறை செய்ய வேண்டியிருக்கும், அயோடின் சிறுநீரகத்தைப் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு. இப்போது சில இடங்களில் தொடை இடுக்கு நிணமுடிச்சில் எண்ணெய் மாதிரியான சாயத்தைச் செலுத்திக் கசியும் இடத்தைப் படம் பிடிக்கிறார்கள், அந்தச் சாயமே கசிவை அடைத்துவிடுவதும் உண்டு.

லேப்ராஸ்கோப்பி ஜன்னலில் திரும்ப வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1990களின் தொடக்கத்திலிருந்து செய்கிறார்கள். பைக்கும் வயிற்று உறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை அகலமாக வெட்டித் திறந்துவிடுவது, அவ்வளவுதான். சின்னதாகத் திறந்தால் மூடிக்கொள்ளும். கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிறுநீர்க்குழாய் சில சமயம் அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு ஓடும், வெட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும். "ஆபரேஷன் நடக்கும்போதே உள்ளே ஸ்கேன் வைத்துப் பார்ப்பீர்களா, சிறுநீர்க்குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்பே தெரியுமா" என்று தாராளமாகக் கேளுங்கள், எந்த நல்ல சர்ஜனும் கோபிக்க மாட்டார்.

காய்ச்சலோ சீழோ இருந்தால் ஜன்னல் கிடையாது, சீழை வயிற்றுக்குள் திறந்துவிட முடியாதே. அப்போது வெளியே குழாய் வைத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, அடங்கிய பிறகுதான் மற்றது.

---

சும்மா_படிப்பவன்

எனக்கு 4வது மாத ஸ்கேனில் 3 செ.மீ. தேக்கம் என்று போட்டிருக்கிறது. கால் வீக்கம் இல்லை, கிரியாட்டினின் 1.1. டாக்டர் கண்டுகொள்ளவே இல்லை. இதைப் படித்ததிலிருந்து தூக்கம் போச்சு.

---

இரண்டாம்_இன்னிங்ஸ்

தூங்குங்க சகோ. எதையும் அழுத்தாத சின்னத் தேக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் சரியான வைத்தியம், பெரும்பாலும் தானே வற்றிவிடும். அடுத்த ஸ்கேனில் அளவு கூடியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்கேன் தாளையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

---

ஏழாவது_வாரம் (9 நாள் கழித்து)

எல்லோருக்கும் செய்தி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். டாப்ளரில் ரத்தக்கட்டி இல்லை. ஊசி வைத்து 180 மில்லி எடுத்தார்கள், தையல்காரன் ஐயா கணக்கு கிட்டத்தட்ட அப்படியே. அந்த நீரில் கிரியாட்டினின் 1.8, அன்று ரத்தத்திலும் 1.8. தாளில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்ததும், விடை தெரிந்த பரீட்சை எழுதின மாதிரி இருந்தது, நானே "அப்போ நிணநீர்தானே" என்று கேட்டேன். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

நீரை எடுத்த மூன்றாம் நாள் 1.4. ஆறாம் நாள் திரும்ப 1.7, செருப்பும் பழையபடி பிடிக்க ஆரம்பித்தது. கிருமி எதுவும் வளரவில்லை என்றதும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்தோம். சிறுநீர்க்குழாய் கேள்வியைக் கேட்டேன், சர்ஜன் தாளில் படமே வரைந்து காட்டினார். நேற்று முன்தினம் முடிந்தது. மூன்று சின்ன ஓட்டைதான். வயிற்று உறைக்குப் பின்னால் பை நீலமாகப் புடைத்துத் தெரிந்ததாம். இன்று காலை 1.3. இரவில் ஒரு முறைதான் எழுந்தார்.

நாத்தனார் வயிற்றையும் விசாரித்தேன், அவருக்கு ஒன்றுமில்லை. "இப்போதாவது என்னைக் கேட்டியே" என்றார். சுருக்கென்றது.

---

இரண்டாம்_இன்னிங்ஸ்

👏👏 தங்கச்சி, கால் சுற்றளவை அதே இடத்தில், கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி, டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் போதும். கண்ணால் பார்த்தால் தினமும் வீங்கின மாதிரியே தெரியும், டேப் அப்படிப் பயமுறுத்தாது.

---

புதன்கிழமை_ஸ்டென்ட்

முழு இழையையும் இப்போதுதான் படித்தேன். என் அப்பாவுக்கு வரும் புதன்கிழமை ஸ்டென்ட் எடுக்கிறார்கள். அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து என்று சீட்டில் இருக்கிறது. நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

---

ஏழாவது_வாரம்

ஸ்டென்ட் எடுத்த ஒரு வாரத்துக்குள் கிரியாட்டினினும் ஒரு அல்ட்ராசவுண்டும் எடுக்க முடியுமா என்று புதன்கிழமையே கேளுங்கள். ஏன் என்று கேட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் அப்பாவின் இரண்டு கால்களையும் இன்றைக்கே அளந்து வைத்துவிடுங்கள், பின்னால் ஒப்பிட ஒரு எண் வேண்டுமே. எங்களிடம் அது இல்லை, ஒரு ஜோடி செருப்புதான் இருந்தது.